குதிரைப் படம் சோறு போடுமா?

ஹம்பேர்க் நகரின் மேற்குப் புறத்தில், எல்பே நதிக்கு அணித்தாக, கிளைன் பிளொட்பெக் என்னும் பகுதி உண்டு. வணிகர் எடுவார்ட் புல்வர்மன் வகுத்த பாதையில் 1920ஆம் ஆண்டு அங்கு முதன்முதலாகக் குதிரைகள் தடை தாண்டும் போட்டி நடைபெற்றது. பாதையின் நீளம் 1230 மீற்றர், தடைகள் 17. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ மூன்று மீற்றர் உயரமான மண்மேடு. குதிரை அம்மேட்டின் உச்சியில் ஏறி, செங்குத்தான சரிவிலே முன்னங்கால்களை ஊன்றி வழுக்கி இறங்கி, அடுத்த கணமே கீழேயுள்ள பலகைத் தடையைத் தாண்ட வேண்டும். இன்னொரு தடைக்குப் 'புல்வர்மன் கல்லறை' என்று பெயர். வகுத்தவரே அதில் விழுந்தமையால் வந்த பெயர் அது. பெரும்பாலும் மே மாதத்தில் நடைபெறும் இப்போட்டியைத் தொலைக்காட்சியிற் கண்ட எம்மவர் பலர் இருப்பர். ஆயின் அம்மேட்டின் அடியில் நீண்ட வில்லை பூட்டிய கமராக்களுடன் வரிசையாகக் குந்தியிருப்போரை யாரும் கவனிப்பதில்லை. அவர்களுடைய சீவனோபாயம் பற்றியதே இக்கட்டுரை.

இதனை எழுத நேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. ஹம்பேர்க்கில் உணவகச் சமையலறையில் இருபத்தைந்து ஆண்டுகள் நின்று மூன்று பிள்ளைகளை ஆளாக்கிய அன்பர் ஒருவர் எம்மை நாடி வந்தார். அவருடைய கடைசி மகள் அபித்தூர் தேறியவர். மருத்துவமும் வேண்டாம், கணினியும் வேண்டாம், குதிரைகளைப் படமெடுப்பதே தமது தொழில் என்று சொல்லிவிட்டாராம். "மாஸ்டர், நீங்கள் நாலு விசயம் அறிஞ்சனீங்கள். குதிரையைப் படமெடுத்துச் சீவிக்கலாமோ? இல்லாட்டி இது வெறும் ஆசையோ?" என்று அவர் கேட்டார். அக்கேள்வியிற் கோபம் இருக்கவில்லை, அச்சமே இருந்தது. ஒரு தலைமுறை முழுவதும் பாத்திரம் கழுவிச் சேர்த்த பணம், அடுத்த தலைமுறையின் ஒரே முடிவிற் கரைந்துவிடுமோ என்ற அச்சம் அது. கலைப்பட்டதாரியாகிய எமக்குக் குதிரை பற்றித் தெரிந்தவை பரி, புரவி, இவுளி, மா என்று நிகண்டு கூறும் பெயர்களே. ஆகவே சில வாரங்கள் லாயங்களுக்கும் திடல்களுக்கும் அலுவலகங்களுக்கும் சென்று விசாரித்தோம்.

குதிரை எமக்கு முற்றிலும் அந்நியமான விலங்கன்று. குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நெடுந்தீவுக்குச் சென்றவர்கள், அங்கு கட்டாக்காலியாய்த் திரியும் மட்டக் குதிரைகளைக் கண்டிருப்பர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. 2015ஆம் ஆண்டு தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. வேட்டைத் திருவிழாவன்று சுவாமி எழுந்தருளும் மரக்குதிரையை அறியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இல்லை. எனினும் குதிரை ஒரு குடும்பத்தின் அங்கமாய், பிறந்தநாளும் மருத்துவரும் தனிப் போர்வையும் கொண்டதாய் வாழும் நாடு ஜேர்மனி. இந்நாட்டில் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் சேர்ந்து ஏறத்தாழ 13 இலட்சம் என்பர். ஹம்பேர்க்கின் வடக்கே எல்ம்ஸ்ஹோர்ன் நகரம் ஹொல்ஸ்ரைனர் இனக் குதிரைகளின் நிலையம். தெற்கே லோவர் சக்சனி மாநிலத்தின் வேர்டன் ஹனோவர் இனத்துக்குப் பெயர் பெற்றது. இரண்டுக்கும் இடையில் அமைந்திருப்பது இத்தொழிலைப் பொறுத்தவரை ஹம்பேர்க்கின் பேறு.

குதிரைப் படத் தொழிலின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால், பிழைப்புப் பற்றிய கேள்வி அதன் தொடக்கத்திலேயே இருந்தமை புலனாகும். 1878ஆம் ஆண்டு யூன் மாதம் கலிபோர்னியாவின் பாலோ அல்ரோவில் எட்வேர்ட் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகப் பன்னிரண்டு கமராக்களை நிறுத்தி, சலி கார்ட்னர் என்னும் குதிரையின் ஓட்டத்தைக் கணங்கணமாகப் பதிவு செய்தார். பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் நிலத்தை விட்டு எழுகின்றன என்பது அப்படங்களால் நிறுவப்பட்டது. செலவை ஏற்றவர் லீலண்ட் ஸ்ரான்போர்ட் என்னும் இரயில்வே அதிபர். 1882இல் அவர் தமது நண்பரான மருத்துவர் ஒருவரைக் கொண்டு அப்படங்களின் அடிப்படையில் நூல் வெளியிட்டபோது, மைபிரிட்ஜின் பங்கு உரிய முறையிற் கூறப்படவில்லை. அவர் வழக்குத் தொடுத்துத் தோற்றார். பின்னர் விரிவுரை நிகழ்த்தியும், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆதரவோடு 781 தகடுகள் கொண்ட பெருந்தொகுப்பை 1887இல் சந்தாவுக்கு விற்றும் அவர் வாழ்க்கை நடத்தினார்.

ஜேர்மனியிலும் இவ்வாறே ஒருவர் இருந்தார். ஒட்டோமார் அன்ஷூற்ஸ் 1880களில் கிழக்குப் பிரசியாவின் திராகேனன் அரச குதிரைப் பண்ணையிற் படமெடுத்தவர். ஓடும் படங்களைக் காட்டும் கருவியொன்றை அமைத்தவர். வேகத்தைப் பதிவு செய்யும் மூடியை இவர் செப்பனிட்டதனாலேயே, கேர்ட்ஸ் நிறுவனம் 1890 அளவில் வெளியிட்ட கமரா இவர் பெயரைத் தாங்கி நெடுங்காலம் விற்பனையாயிற்று. ஓடும் படக் கருவி வணிகத்தில் நட்டமே கண்டது. கமராதான் பேர் சொல்லிற்று. குதிரையை மட்டும் நம்பி இருவரும் சீவிக்கவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

இனித் தொழிலுக்கு வருவோம். குதிரையை யாரும் படமெடுக்கலாம். கைத்தொலைபேசி இல்லாதவர் எவர்? ஆனால் உரிமையாளர் பணம் கொடுத்து வாங்கும் படம் வேறு. விற்பனைக்கோ இனவிருத்திப் பதிவுக்கோ எடுக்கும் படத்திற் குதிரை பக்கவாட்டில் நிற்க வேண்டும். நான்கு கால்களும் ஒன்றையொன்று மறையாது தெரிய வேண்டும். கழுத்து நீண்டு, காதுகள் இரண்டும் முன்னோக்கி நிமிர்ந்திருக்க வேண்டும். காது பின்னே சாய்ந்த குதிரை சினங்கொண்ட குதிரையாகத் தோன்றும். அப்படத்தை எவரும் வாங்கார். அந்தக் காதுகளுக்காகவே ஒருவர் கமராவுக்குப் பின்னால் நின்று காகிதப் பையைச் சரசரக்கச் செய்வார், அல்லது வேறொரு குதிரை கனைக்கும் ஒலியைத் தொலைபேசியில் எழுப்புவார். மூன்றாவது தடவைக்குப் பின்னர் குதிரை அதை நம்பாது. ஆகையால் முதல் இரண்டு தடவையிற் படம் விழுந்தாக வேண்டும்.

கிட்ட நின்று அகன்ற வில்லையால் எடுத்தால் தலை பூசணிக்காய் போலப் பெருத்து, பின்புறம் ஆட்டினுடையது போலச் சிறுத்துவிடும். அதனால் தூர நின்று நீண்ட வில்லையால் எடுப்பர். 70 முதல் 200 மில்லிமீற்றர் வரையான வில்லையே இத்தொழிலின் அன்றாட ஆயுதம். பாய்ச்சலை உறைய வைக்க வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாவது தேவை. ஆயினும் வேகத்திலும் பெரிது கணம். தடையின் உச்சியில் முன்னங்கால்கள் மடிந்து, முதுகு வில்லென வளைந்த கணம் ஒன்று உண்டு. அதற்குச் சற்று முந்தினாலும் பிந்தினாலும், நல்ல குதிரையும் நொண்டி போலத் தோற்றமளிக்கும். குதிரையேறத் தெரியாதவர்கள் பிந்தியே விசையை அழுத்துகிறார்கள் என்று திடலில் எமக்குச் சொன்னார்கள். அன்பரின் மகள் பதினொரு வயது முதல் லாயத்துக்குப் போய் வருபவர். பிறர் குதிரையொன்றுக்கு மாதந்தோறும் சிறு பங்குப் பணம் கொடுத்து, வாரம் இரு நாள் அதனைப் பராமரித்து ஏறிவரும் ஏற்பாடு இங்கு உண்டு, 'ரைட்பெடைலிகுங்' என்பர். அவ்வழியே உள்ளே புகுந்தவருக்கு அக்கணம் எப்போது வரும் என்பது உடம்பிலேயே தெரியும். நாம் மதித்த முதல் மூலதனம் இதுவே, கமரா இரண்டாவது.

அடுத்தது வெளிச்சம். கறுத்தக் குதிரையை நண்பகல் வெயிலில் எடுத்தால் உரோமத்தில் வெள்ளைத் திட்டுகள்தாம் மிஞ்சும். காலையும் மாலையும், அல்லது ஹம்பேர்க்கில் குறைவின்றிக் கிடைக்கும் மெல்லிய முகில் மூட்டமும் உகந்தவை. யூன் மாதத்தில் இரவு பத்து மணியை அண்டியே சூரியன் மறைகிறது. டிசெம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கே இருள் கவிகிறது. எனவே வருமானமும் சூரியனோடு ஏறி இறங்கும். வசந்தத்திற் குட்டிகள், மே முதல் செப்ரெம்பர் வரை போட்டிகள், இலையுதிர் காலத்திற் பொன்னிறப் பின்னணியில் தனிப்படங்கள், அதன் பின்னர் நாட்காட்டியும் சுவர்ப்படமும் விற்கும் நத்தார் காலம். தை, மாசி மாதங்களில் லாயத்து உள்ளரங்கில் மின்னொளி மட்டுமே. போட்டி அரங்குகளிலோ குதிரை மிரளும் என்பதால் பளிச்சொளி பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை.

இப்போது கணக்கு. நாம் போட்ட கணக்கை அன்பருக்குக் காட்டியவாறே இங்கும் தருகின்றோம். இஃது எவருடைய உண்மைக் கணக்கும் அன்று. எண்களை மாற்றி அவரவர் போட்டுப் பார்க்கலாம். ஒரு குதிரையும் அதன் உரிமையாளரும் அடங்கிய படப்பிடிப்புக்கு 250 யூரோ என்று கொள்வோம். கேட்கும்போது ஒரு மாலைப் பொழுதுக்கு 250 யூரோ என்று இனிக்கும். ஆனால் போய்வர ஒரு மணி நேரம், லாயத்தில் இரண்டு மணி நேரம், அறுநூறு எழுநூறு படங்களிலிருந்து முப்பதைப் பொறுக்கி, கடிவாளக் கயிற்றை அழித்து, நிறம் திருத்தி அனுப்ப ஐந்து மணி நேரம். ஆக எட்டு மணி நேரம். எரிபொருளுக்கு 30 யூரோ கழித்தால் மிச்சம் 220. மருத்துவக் காப்புறுதி, வாகனம், கருவித் தேய்மானம், ஏனைய காப்புறுதிகள் எல்லாம் ஆண்டுக்கு 10,000 யூரோ என்று வைத்து, வாழ்க்கைக்கு 24,000 யூரோ வேண்டுமென்றால், மொத்தம் 34,000. அதற்கு ஆண்டில் 155 படப்பிடிப்புகள் தேவை. நல்ல வெளிச்சமுள்ள முப்பது வாரங்களுக்குள் அவற்றை முடிப்பதாயின் வாரத்துக்கு ஐந்து. அதாவது வாரத்தின் நாற்பது மணி நேரமும் அதற்கே போய்விடும். வாடிக்கையாளரைத் தேடவும் பற்றுச்சீட்டு எழுதவும் காய்ச்சலிற் படுக்கவும் நேரமில்லை. 24,000 யூரோவுக்கு வருமான வரியும் இன்னும் கழிக்கப்படவில்லை.

இங்கு இன்னொரு பொறி இருக்கிறது. 2025 முதல், முந்திய ஆண்டின் விற்பனை 25,000 யூரோவை மீறாத சிறு தொழில்முனைவோர் பெறுமதி சேர் வரி அறவிட வேண்டியதில்லை. அதுவரை இவ்வெல்லை 22,000 யூரோவாக இருந்தது. எமது கணக்கில் விற்பனை 38,750 யூரோ. எனவே அடுத்த ஆண்டு முதல் 19 வீத வரி சேரும். குதிரைக்காரப் பெண்மணி தனியார் என்பதால் அவ்வரியை எவரிடமும் மீளப் பெற இயலாதவர். விலை ஏறினால் வேறு படப்பிடிப்பாளரிடம் போய்விடுவார். விலையை ஏற்றாவிட்டால் 250 யூரோவில் ஏறத்தாழ 40 யூரோ நிதி அலுவலகத்துக்குச் செல்லும். வாங்கிய பொருட்களுக்குச் செலுத்திய வரியைக் கழிக்கலாம் என்பது சிறிய ஆறுதல்.

ஆகவே தனிப்பட்டோர் படங்களை மட்டும் நம்பி முழுநேரமாக இறங்கலாகாது என்றே அன்பரிடம் கூறினோம். அவர் முகம் ஒருவாறு தெளிந்தது. மகளின் முகம் வாடிற்று. ஆனால் கூறவேண்டியது அத்துடன் முடியவில்லை. இத்தொழிலில் நிலைத்து நிற்போரைப் பார்த்தால், ஒரு படத்தை நான்கு பேருக்கு விற்பவர்களாகவோ, நான்கு விதமான படங்களை எடுப்பவர்களாகவோ இருக்கிறார்கள். இனவிருத்திப் பண்ணைக்கு விற்பனைப் படம், சேணம் செய்யும் நிறுவனத்துக்கு விளம்பரப் படம், 1900இல் தொடங்கிய சங்க்ட் கேயோர்க் போன்ற குதிரைச் சஞ்சிகைகளுக்குச் செய்திப் படம், நூல் வெளியீட்டாளருக்கு அட்டைப் படம் என்று அவர்களுடைய வருமானம் பல வாய்க்கால்களால் வருகிறது. போட்டித் திடலில் ஒவ்வோர் ஓட்டுநரையும் எடுத்து அவர்களுக்கே விற்பதுதான் ஒரு காலத்திற் பெரிய வருமானமாக இருந்தது. இன்று ஒவ்வொரு தாயும் வேலியோரம் நின்று தொலைபேசியிற் பதிவு செய்கிறார். படத்தை இணையத்திற் பார்த்து, நீர்க்குறி தெரியத்தெரிய அப்படியே பிடித்துக்கொள்ளும் இளையோரும் உண்டு. பொதுவான அலங்காரப் படங்களைக் கணினியே வரைந்து கொடுக்கும் காலமும் வந்துவிட்டது. ஆனால் இன்ன நாளில், இன்ன திடலில், இன்னாருடைய குதிரை இப்படித் தாண்டியது என்பதை எந்தக் கணினியும் கற்பனையில் வரைந்து விற்க இயலாது.

எம்மவரிடையே திருமணத்துக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் படம் பிடிக்கும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். இதையும் அதையும் சேர்த்துச் செய்யலாமே என்று எண்ணத் தோன்றும். சனி, ஞாயிறு என்னும் இரண்டு நாட்களுக்குத்தான் இரண்டும் போட்டியிடுகின்றன. கோடைகாலச் சனிக்கிழமையில் திருமண மண்டபமா போட்டித் திடலா என்று ஒவ்வொரு முறையும் தெரிவு செய்ய வேண்டிவரும். வார நாட்களிற் செய்யக்கூடிய பண்ணை, விளம்பர வேலையோடு திருமணத்தைச் சேர்ப்பதே பொருந்தும்.

பத்திரங்கள் விடயத்தில் எமது குடும்பங்கள் மிகவும் கவனமாக இருத்தல் வேண்டும். தஞ்ச விண்ணப்பம் விசாரணையில் இருப்போரும், 'டுல்டுங்' வைத்திருப்போரும் சொந்தத் தொழில் தொடங்கச் சட்டம் இடமளிப்பதில்லை. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு வதிவிட அனுமதி பெற்றோருக்கு அத்தடை இல்லை. ஜேர்மன் குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. தொழிற்பதிவு அலுவலகம் சிறு கட்டணத்துடன் 'கேவெர்பே' பதிந்து தந்துவிட்டது என்பதால் வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதியும் கிடைத்துவிட்டது என்று எண்ணலாகாது. இரண்டும் வேறுவேறு. ஒரு காலத்தில் படப்பிடிப்பு நிலையம் நடத்த 'மைஸ்ரர்' பட்டம் கட்டாயமாக இருந்தது. 2004 தை முதல் அது நீக்கப்பட்டது. கைப்பணிச் சம்மேளனத்திற் பதிந்துகொண்டால் போதும். எனினும் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி இன்றும் உண்டு. பயிற்சிக் காலத்தில் மாதச் சம்பளமும் காப்புறுதியும் கிடைக்கின்றன. அன்பரின் மகளுக்கு நாம் காட்டிய நடுவழி இதுவே. பயிற்சி ஒரு நிலையத்தில், குதிரை வார இறுதியில். பயிற்சி தரும் நிலையத்தாரின் சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும். அவர் இரு இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறார்.

சொந்தத் தொழில் செய்வோரை முதலில் வீழ்த்துவது மருத்துவக் காப்புறுதி. முழுநேரச் சுயதொழிலாளருக்கு வருமானம் குறைவாயிருப்பினும், பொதுக் காப்புறுதியிற் குறைந்தபட்சமாக மாதம் 200 யூரோவுக்கு மேல் கட்ட வேண்டும். தொழில்கொள்வோர் செலுத்தும் பாதிப் பங்கு இங்கு கிடையாது. இதற்கு மாற்றாக 1983 முதல் வில்ஹெல்ம்ஸ்ஹாபனில் இயங்கும் கலைஞர் சமூகக் காப்புறுதி நிதியம் இருக்கிறது. அதில் ஏற்றுக்கொள்ளப்பட்டால் ஓய்வூதியம், மருத்துவம், பராமரிப்பு ஆகிய காப்புறுதிகளுக்குப் பாதியை மட்டும் நாம் செலுத்தினால் போதும். பத்திரிகைக்கும் விளம்பரத்துக்கும் எடுப்போர் அங்கு எளிதில் இடம் பெறுவர். தனியாருக்கு மட்டும் உருவப்படம் எடுப்போரைக் கைப்பணியாளர் என்று கருதித் திருப்பி அனுப்புவதும் உண்டு. நாம் மேலே கூறிய பல வாய்க்கால்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

உரிமை பற்றியும் கூற வேண்டும். மைபிரிட்ஜுக்கு நேர்ந்தது இன்றைய ஜேர்மனியில் எளிதில் நேராது. இந்நாட்டுச் சட்டப்படி படைப்பாளியின் உரிமையை விற்க இயலாது. பயன்படுத்தும் உரிமையை மட்டுமே வழங்கலாம். குதிரைக்காரர் தம் வீட்டுச் சுவரில் மாட்ட வாங்கிய படத்தைச் சேண நிறுவனம் விளம்பரத்தில் இட விரும்பினால், அது வேறு உரிமை, வேறு விலை. பற்றுச்சீட்டில் எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாது விடுவோரே பின்னர் மனம் வருந்துகிறார்கள். மறுபுறம், படத்தில் உள்ள மனிதருக்குத் தம் உருவத்தின் மீது 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமை உண்டு. சிறுவராயின் பெற்றோரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். குதிரைக்கு அவ்வுரிமை இல்லை. 2010இல் கேள்ன் நகர நீதிமன்றத்தில் ஒரு பசுவின் படம் தொடர்பாக வழக்கு நடந்தது. பசுவின் படத்தால் உரிமையாளரின் ஆளுமை உரிமை மீறப்படவில்லை என்று தீர்ப்பாயிற்று. ஆயினும் லாயம் தனியார் நிலம். உள்ளே நின்று எடுத்து விற்பதற்கு நில உரிமையாளரின் அனுமதி தேவை. அதனையும் எழுத்தில் வாங்குவதே முறை.

எம்மை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொன்று. 2009இல் டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரப் போட்டியில், கழுத்தை நெஞ்சோடு மடக்கிப் பயிற்றப்பட்ட குதிரையொன்றின் நாக்கு நீலம் பாரித்துத் தொங்குவது ஒளிப்பதிவில் வெளிவந்தது. அதனால் எழுந்த கண்டனங்களை அடுத்து, 2010இல் அனைத்துலகக் குதிரையேற்றச் சம்மேளனம் பலவந்தமாகக் கழுத்தை மடக்கும் முறையை ஏற்கவியலாதது என்று அறிவித்தது. திடலோரம் இருப்பவரின் கமரா இவ்வாறான காட்சியையும் காணும். அவரை உள்ளே விடுபவர் போட்டி அமைப்பாளர். படம் வாங்குபவர் அந்த ஓட்டுநராகவும் இருக்கலாம். வெளியிட்டால் அடுத்த ஆண்டு அனுமதி கிடைக்குமோ என்பது ஐயம். ஒரேயொரு வாடிக்கையாளரைச் சார்ந்தவர் இவ்விடத்தில் வாய் திறக்க மாட்டார். பலரைச் சார்ந்தவருக்குச் சற்றுத் துணிவு இருக்கும்.

பழக விரும்பும் பிள்ளைகளுக்கு நகரத்தினுள்ளேயே இடம் உண்டு. 1869 முதல் ஜேர்மன் டேர்பி ஓட்டம் நடைபெறும் ஹோர்ன் பந்தயத் திடலுக்கு யு2 நிலக்கீழ் இரயிலிற் செல்லலாம். நிலையத்தின் பெயரே ஹோர்னர் ரென்பான். மூன்று வயதுக் குதிரைகள் 2400 மீற்றர் ஓடும் அப்பந்தயம் வழக்கமாக யூலை மாதத் தொடக்கத்தில் நடைபெறும். பார்வையாளர் வேலியிலிருந்தே வேகத்தைப் பிடித்துப் பழகலாம். விற்பதற்கும் வெளியிடுவதற்கும் எடுப்பதாயின் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். கிளைன் பிளொட்பெக்குக்கு எஸ்1 இரயில் போகிறது. பெரிய போட்டிகளை விட, ஷ்லேஸ்விக் ஹொல்ஸ்ரைன் கிராமங்களிற் கோடை வார இறுதிகளில் நடைபெறும் சிறு போட்டிகளே தொடக்கத்துக்கு நல்லவை; அங்கு வேலி அருகில், ஓட்டுநர்கள் பேசக்கூடியவர்கள். அங்கு செல்லத்தான் ஞாயிற்றுக்கிழமையில் பேருந்து இராது. குடைக்கு மேலாகக் கமராவுக்கும் ஒரு மழையுறை கொண்டுசெல்லுதல் நன்று.